280இசட்டுக்குச் சொந்தமாக ஈசியு செய்கிறேன்: எந்தப் பிராசசர் போடலாம்?

ஆறுசிலிண்டர்:

என்னிடம் 1977 டாட்சன் 280இசட் கார் இருக்கிறது. எல்28 இன்ஜின், எல்-ஜெட்ரானிக் என்ற அந்தக் கால எரிபொருள் இன்ஜெக்ஷன், எதுவும் மாற்றாத வண்டி. இப்போது கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றப் போகிறேன். பழைய ஈசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, முழுக்க அனலாக் சர்க்யூட் என்பதால் புதிய கேமுக்கு ஏற்ற மாதிரி எரிபொருள் அளவைத் திருத்த வழியில்லை. காற்றை அளக்கும் அந்தக் கதவு மீட்டரையும் கழற்றிவிட ஆசை.

என் வேலை எம்பெடட் மென்பொருள். அதனால் ஈசியுவை நானே செய்வது என்று முடிவு பண்ணிவிட்டேன். கிராங்கில் 36-1 பல் சக்கரம் (36 பல்லில் ஒன்று இல்லாதது), மேப் சென்சார் (மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளப்பது), மூன்று காயில் வைத்து வேஸ்டட் ஸ்பார்க் (ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்கு ஒரே சமயத்தில் ஸ்பார்க் கொடுப்பது), வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் (புகையை வைத்துக் கலவையை அளப்பது). இதுதான் திட்டம்.

பிராசசருக்கு எஸ்டிஎம்32 எஃப்4 சிப் போதுமா, அதைவிட வேகமான எச்7 வாங்கலாமா? ஆர்டிஓஎஸ் (நேரம் தவறாமல் வேலைகளை ஓட்டும் இயங்குதளம்) வேண்டுமா? மெகாஸ்கொயர்ட், ஸ்பீடுயினோ, ரஸ்இஎஃப்ஐ என்று ஏற்கெனவே ஈசியுக்கள் இருப்பது தெரியும். “அதில் ஒன்றை வாங்கிப் போடு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சால்டர்புகை:

தம்பி, பிராசசரைத் தூக்கி ஓரமாக வையுங்கள். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றுக்கு 10 மில்லிசெகண்ட் எடுக்கும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 28 மைக்ரோசெகண்ட். ஸ்பீடுயினோ இந்த வேலையை 16 மெகாஹெர்ட்ஸ் அர்டுயினோ மெகாவில் முடித்துவிடுகிறது. எஃப்4 அதைப்போல் பத்து மடங்கு வேகம். டைமரின் இன்புட் கேப்சரையும் (சிக்னல் வந்த நேரத்தைத் தானே குறிப்பது) அவுட்புட் கம்பேரையும் (குறித்த நேரத்தில் காலைத் தானே இயக்குவது) ஒழுங்காகப் பயன்படுத்தினால், ஆர்டிஓஎஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்பார்க் நேரத்துக்கு வரும். உங்களைத் தூங்கவிடாமல் பண்ணப் போவது இரண்டே விஷயம்: கிராங்கிலிருந்து வரும் சிக்னல், பேட்டரியிலிருந்து வரும் கரண்ட்.

முதலில் சிக்னல். கிராங்கின் பல்லைப் படிக்கும் விஆர் சென்சார் என்றால் உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் மட்டும்தான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒரு வோல்ட் கூட வராமல் போகலாம், வேகமாக ஓடும்போது பல பத்து வோல்ட் வரும். இரண்டையும் ஒரே சர்க்யூட் படிக்க வேண்டும். ரெசிஸ்டரையும் டயோடையும் வைத்து ஒப்பேற்றாதீர்கள். மேக்ஸ்9926 மாதிரி, சிக்னலின் உயரத்துக்கு ஏற்பத் தன் வரம்பைத் தானே மாற்றிக்கொள்ளும் சிப் போடுங்கள்.

அதைவிட முக்கியம், அந்த இரண்டு கம்பிகளில் எது எங்கே போகிறது என்பது. ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் புரியும். ஒரு பல்லின் நடுப்பகுதி சென்சாரைக் கடக்கும் நொடியில் வோல்டேஜ் செங்குத்தாகப் பூஜ்யத்தைத் தாண்டும். நீங்கள் பிடிக்க வேண்டிய விளிம்பு அதுதான். கம்பியை மாற்றிக் கொடுத்தால் சர்க்யூட் பல்லை விட்டுவிட்டு இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளத்தைப் பிடிக்கும். சாதாரணப் பள்ளத்தில் தொல்லை தெரியாது. பல் இல்லாத அந்த ஒரு இடத்தில் மட்டும் கோடு சரிந்து படுத்துவிடும், எந்த இடத்தில் பூஜ்யத்தைத் தாண்டுகிறது என்பது வேகத்தைப் பொறுத்து நகரும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் ஓடவும் செய்யும், ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் வழுக்கும், ஒரு கட்டத்தில் சிங்க் (கிராங்க் எங்கே நிற்கிறது என்ற கணக்கு) போய்விடும். ஆட்கள் இதற்குக் கோடில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் ஹால் சென்சார் (நேராக ஆன்-ஆஃப் சிக்னல் கொடுப்பது) போடுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் போடுவேன்.

சக்கரத்தை எங்கே மாட்டப் போகிறீர்கள்? எல்28-இன் முன்பக்க டேம்பரில் (கிராங்கின் அதிர்வை அடக்கும் சக்கரம்) வெளி வளையம் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இந்த வயசு ரப்பர் நழுவியிருந்தால் வளையம் திரும்பியிருக்கும், அதில் இருக்கும் டைமிங் குறியும் பொய் சொல்லும். சக்கரத்தை நடு ஹப்பில் மாட்டுங்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாக பிஸ்டன் ஸ்டாப் விட்டு முதல் சிலிண்டரின் உண்மையான டிடிசியை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கண்டுபிடித்து, குறியைப் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து கரண்ட். குளிரில் ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி 8 வோல்ட்டுக்கும் கீழே போகும். 7805 என்ற சாதாரண 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு 7 வோல்ட் தேவை. அந்த நேரம் பிராசசர் ரீசெட் ஆனால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, நீங்கள் எரிபொருளைச் சந்தேகிப்பீர்கள். எல்எம்2940 மாதிரி வண்டிக்கென்றே செய்த ரெகுலேட்டர், முன்னால் ஒரு டிவிஎஸ் டயோட் (திடீரென எகிறும் வோல்டேஜை விழுங்குவது). ஓடும்போது பேட்டரிக் கம்பி கழன்றால் ஆல்டர்னேட்டர் எத்தனை வோல்ட் தள்ளும் என்று படித்துவிட்டு டயோடைத் தேர்ந்தெடுங்கள். கிரவுண்டில் ஒரே விதி: சென்சார்களின் கிரவுண்ட் தனியாக ஈசியுவுக்கு வரட்டும், இன்ஜெக்டரும் காயிலும் தள்ளும் கரண்ட் அதே கம்பியில் திரும்பி வரக் கூடாது.

இன்னொன்று. ரீசெட் ஆகும் நொடியில் பிராசசரின் கால்கள் எல்லாம் அந்தரத்தில் இருக்கும். இன்ஜெக்டரையும் காயிலையும் இயக்கும் டிரான்சிஸ்டர்களின் கேட் ஒவ்வொன்றிலும், அதைக் கிரவுண்டுக்கு இழுத்து வைக்கும் ஒரு புல்டவுன் ரெசிஸ்டர் இல்லையென்றால், அந்த நொடியில் காயில் ஆன் ஆகி வேகும், இல்லையென்றால் இன்ஜெக்டர் திறந்து சிலிண்டரை நிரப்பும். சில காசு ரெசிஸ்டர், விட்டால் இன்ஜின் போகும்.

பழையசாவி:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. பல் சக்கரம், மூன்று காயில், புது எரிபொருள் டேபிள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், வண்டி இருமும்போது யாரைக் குற்றம் சொல்வீர்கள்?

ஒரிஜினல் ஈசியு காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து வரும் துடிப்பை மட்டும் எண்ணித்தான் ஓடுகிறது. ஆறு இன்ஜெக்டரையும் ஒரே சமயத்தில், கிராங்க் சுற்றுக்கு ஒரு முறை திறக்கிறது. எந்த சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நீங்களும் அதையே செய்யுங்கள். ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாமல் எரிபொருளை மட்டும் உங்கள் பெட்டிக்கு மாற்றுங்கள். பழைய கேமோடு நன்றாக ஓடட்டும். அப்புறம் பல் சக்கரம், அதற்கப்புறம் கேம்.

ஒரிஜினல் இன்ஜெக்டரையே வைத்துக்கொள்வதாக இருந்தால் அவை 2.4 ஓம் வகை என்பதை மறக்காதீர்கள். நேராக 14 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். அதனால்தான் வண்டியில் டிராப்பிங் ரெசிஸ்டர் பொட்டலம் ஒன்று இருக்கிறது, அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். 12 ஓம்முக்கு மேலுள்ள இன்ஜெக்டருக்கு மாறினால் அது தேவையில்லை.

கதவுமீட்டர்:

ஒரே ஒரு விஷயம், யாரும் சொல்லவில்லை. அந்தக் கதவு மீட்டருக்குள் பெட்ரோல் பம்ப் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. காற்று ஓடிக் கதவு திறந்தால்தான் பம்ப் ஓடும். விபத்தில் இன்ஜின் நின்றால் கதவு மூடும், பம்பும் நிற்கும். மீட்டரைக் கழற்றிவிட்டு பம்பை நேராக சாவியில் இணைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குழாய் அறுந்தாலும் சூடான மேனிஃபோல்ட் மேல் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். சாவி போட்டதும் இரண்டு நொடி பம்ப், பிறகு ஆர்பிஎம் சிக்னல் இருந்தால் மட்டும் பம்ப். கூடவே ஒரு இனர்ஷியா ஸ்விட்ச் (மோதினால் தானே அணைவது). எரிபொருள் டேபிளுக்கு முன்னால் இதை எழுதுங்கள்.

ஆறுசிலிண்டர்:

பம்ப் ஸ்விட்ச் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நன்றி. பழையசாவி சொன்ன வரிசையிலேயே போகிறேன். அண்ணா, இரண்டு கேள்வி. 250 சிசி இன்ஜெக்டர் போதுமா? பெரிய கேம் போட்டால் ஐடிலில் மேப் சென்சார் ஆடும் என்கிறார்களே, அதற்கு என்ன பண்ணுவது?

சால்டர்புகை:

முதலில் எரிபொருள், பிறகு ஸ்பார்க் என்பது நல்ல யோசனைதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: காயில் நெகட்டிவில் ஸ்பார்க் அடிக்கும் நேரம் சில நூறு வோல்ட் எகிறும். ரெசிஸ்டர், ஜீனர், ஆப்டோகப்ளர் வழியாகத்தான் அந்தக் கம்பி உங்கள் போர்டுக்குள் வர வேண்டும்.

இன்ஜெக்டருக்கு வருவோம். 2753 சிசியை ஆறால் வகுத்தால் ஒரு சிலிண்டர் 459 சிசி. 100 கிலோபாஸ்கல், 25 டிகிரியில் அது முழுக்க நிரம்பினால் சுமார் 0.54 கிராம் காற்று. 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் 0.46. முழுத் திராட்டிலில் 12.5-க்கு ஒன்று என்ற கலவைக்கு 0.036 கிராம் பெட்ரோல் வேண்டும். நிமிடத்துக்கு 250 சிசி இன்ஜெக்டர் ஒரு நொடிக்கு 3.1 கிராம் ஊற்றும். மொத்தம் 12 மில்லிசெகண்டுக்குச் சற்றுக் குறைவு. அதை இரண்டு சுற்றாகப் பிரித்தால் சுற்றுக்கு 6, இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும் 1 மில்லிசெகண்டையும் சேர்த்தால் 7. 6000-இல் கையிலிருப்பது 10. போதும், கேமுக்கும் இடம் மிச்சம் இருக்கிறது. அந்த 1 மில்லிசெகண்ட் பேட்டரி வோல்டேஜுக்கு ஏற்ப மாறும், அதற்கென்று தனி டேபிள் வைக்காவிட்டால் ஹெட்லைட் போட்டதும் ஐடில் மாறும்.

மேப் சென்சார் ஆடுவது உண்மை. கண்ட நேரத்தில் படிக்காமல் கிராங்க் கோணத்தோடு சேர்த்துப் படியுங்கள். பல் சக்கரம் வந்த பிறகு அது எளிது. 720 டிகிரியில் ஒவ்வொரு சிலிண்டரும் உறிஞ்சும் 120 டிகிரிக்குள் சராசரி எடுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் ஐடிலுக்கு மட்டும் திராட்டில் கோணத்தை வைத்து ஓட்டலாம். அந்த ஒரு மூலைக்காக எல்லா டேபிளையும் ஆல்ஃபா-என்னுக்கு (திராட்டில் கோணத்தை வைத்தே ஓட்டும் முறை) மாற்றாதீர்கள்.

வேஸ்டட் ஸ்பார்க்குக்குப் போகும்போது 1-6, 5-2, 3-4 என்று காயிலை ஜோடி சேருங்கள். டைமிங்கை மென்பொருளில் 10 டிகிரிக்குப் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டை (ஸ்பார்க் வரும்போதெல்லாம் மின்னும் விளக்கு) ஐடிலிலும் 3000-லும் பிடியுங்கள், குறி நகரவே கூடாது. லைட்டில் டயல் இருந்தால் அதைப் பூஜ்யத்தில் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்பார்க் வருவதால் பல டயல் லைட்டுகள் அட்வான்ஸை (டிடிசிக்கு எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் வருகிறது என்பது) இரண்டு மடங்காகக் காட்டும். போர்டு வரைந்ததும் ஸ்கீமாட்டிக்கை இங்கே போடுங்கள், செய்யக் கொடுப்பதற்கு முன்னால் கிரவுண்டை ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.