மறு: ‘சுவைப்பட்டியல்’ பொருந்துமா?

அன்புள்ள ஐயா, நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சமையற்கலைஞரே தேர்ந்து, சிறு சிறு அளவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் ‘டேஸ்டிங் மெனு’வுக்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் முன்வைத்த ‘சுவைப்பட்டியல்’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்ற சனிக்கிழமை, கோலாலம்பூர் பங்சாரில் ஓர் இத்தாலிய உணவகத்தில் என் தோழியுடன் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்த பிறகு, அந்தச் சொல்லில் என் மனம் ஒட்டவில்லை.

தோழி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மேசையில் வைத்த அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பட்டியல் என்றால் நாம் அல்லவா தேர்ந்தெடுக்க வேண்டும்? இதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லையே” என்றார். என் மறுப்பும் அதுதான். என்ன வரும், எதன்பின் எது வரும் என்பதைச் சமையற்கலைஞரிடம் ஒப்படைத்துவிட்டு உட்காரும் விருந்து இது.

இத்தாலியர் வைத்த பெயர்களையே பாருங்கள். அந்திபாஸ்தோ என்றால் உணவுக்கு முந்தியது. பாஸ்தாவோ, ரிசோத்தோ என்னும் குழைவான இத்தாலியச் சோறோ வரும் பிரீமோ, ‘முதலாவது’. மீனோ இறைச்சியோ வரும் செகோந்தோ, ‘இரண்டாவது’. பெயரிலேயே வரிசை இருக்கிறது. ஆகவே நான் பரிந்துரைப்பது சுவைவரிசை.

அன்று பிரீமோவாக வந்தது மிலான் நகரத்துக் குங்குமப்பூ ரிசோத்தோ. பரிமாறியவர் தட்டின் அடியை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார். மஞ்சள் சோறு அலைபோல் மெல்லப் பரவி அடங்கியது. நான்கே கரண்டிதான். பார்வைக்குக் குழைந்த பொங்கல். கடித்தால் ஒவ்வொரு பருக்கையின் நடுவிலும் சிறு உறுதி. அந்தக் குழைவு, அடுப்பிலிருந்து இறக்கியபின் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கிளறுவதால் வருவது. தோழி பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார். இன்னும் நான்கு கரண்டி கிடைத்திருந்தால் அடுத்து வந்த மீனின் சுவையை இருவரும் இழந்திருப்போம்.

வாழையிலைச் சாப்பாட்டிலும் சாம்பார், ரசம், மோர் என்று வரிசை உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் கறி, கூட்டு, ஊறுகாய் எல்லாம் முன்பே இலையில் இருக்கும். எதை எப்போது தொடுவது என்பது நம் விரலின் உரிமை. நம் ஊர்ச் சீனத் திருமண விருந்துதான் இதற்கு நெருக்கம், ஒன்று முடிந்தபின்தான் அடுத்தது மேசைக்கு வரும்.

வரிசை என்றதும் மளிகைக்கடையில் கால்கடுக்க நிற்பது நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். எனக்கு நினைவுக்கு வருவது சீர்வரிசை. சங்கப் பாட்டுகளிலேயே வரிசை என்றால் தகுதியறிந்து செய்யும் சிறப்பு. விருந்தினருக்கு ஒருவர் பார்த்துப் பார்த்துச் செய்வதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. இப்படி ஒவ்வொரு முறையும் மேசைக்கு வரும் உணவை ஆங்கிலத்தில் ‘கோர்ஸ்’ என்பார்கள்; அதற்குச் ‘சுற்று’ என்று எழுதுகிறோம். பந்தியில் இரண்டாம் சுற்று என்றால் அதே சாம்பார் மறுபடி வருவது அல்லவா? வரிசை என்று சொல்லிவிட்டால் ‘தட்டு’ என்ற சொல்லே போதும்; பரிசத்துக்கு ஒன்பது தட்டு, பதினொரு தட்டு என்று நாம் எண்ணுவதுபோலவே இங்கும் எண்ணலாம். நாங்கள் சாப்பிட்டது ஏழு தட்டுச் சுவைவரிசை.

செகோந்தோவுடன் தனிக் கிண்ணத்தில் வரும் காய்கறி கொந்தோர்னோ. அதைத் தனித் தட்டாக எண்ண வேண்டாம். அதற்குப் புதுச்சொல்லும் வேண்டாம். தொடுகறி என்ற நல்ல சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.