ஓவல் டெஸ்ட்: எட்டாம் இடம் வரை பேட்டிங்கா, 20 விக்கெட் எடுக்க ஆளா?

நைட்வாட்ச்மேன் | ஜூலை 28, 2025

இங்கிலாந்துக்கு எதிரான அஞ்சு டெஸ்ட் தொடர்ல, நாலாவது டெஸ்ட்ல மான்செஸ்டர்ல 311 ரன் பின்தங்கி, முதல் ஓவர்லயே 0/2 ஆகி, அங்கேயிருந்து 143 ஓவர் நின்னு டிரா பண்ணியாச்சு. கில் 103, ராகுல் 90, ஜடேஜா 107*, சுந்தர் 101*. சந்தோஷம்தான். ஆனா தொடர் இன்னும் 1-2. வியாழக்கிழமை ஓவல்ல என்ன லெவன் இறக்கணும்?

பந்த்துக்குக் கால் எலும்பு முறிவு, ஆட்டத்துலயே இல்ல. பதிலுக்கு நம்ம ஜெகதீசனைக் கூப்பிட்டிருக்காங்க. நிதிஷ் ரெட்டி முழங்கால் காயத்தோட ஏற்கெனவே தொடர்ல இருந்து விலகிட்டார். வேகப்பந்து வீச்சாளர்கள் எல்லாரும் தயார்னு கோச் கம்பீர் சொல்லிட்டார். பும்ராவுக்கு மூணு டெஸ்ட்தான்னு தொடருக்கு முன்னாடி போட்ட கணக்கு மான்செஸ்டரோட தீர்ந்துபோச்சு. மீறி இறக்கலாமா? ஆல்ரவுண்டர் ஷர்துல் இடத்துல யாரு: இன்னொரு பேட்ஸ்மேனா, நாலாவது வேகமா, மணிக்கட்டு சுழல் குல்தீப்பா? கீப்பர் ஜூரெலா, ஜெகதீசனா? வெறும் பேர்ப்பட்டியல் வேண்டாம், காரணத்தோட சொல்லுங்க.

ஸ்கோர்நோட்டு | ஜூலை 28

முதலில் புள்ளிக்கணக்கைப் பார்த்துவிடலாம். உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் வெற்றிக்கு 12, டிராவுக்கு 4. இந்தச் சுற்றில் நமக்கு இதுதான் முதல் தொடர். நாலு டெஸ்டில் ஒரு வெற்றி, ஒரு டிரா. 48-க்கு 16, அதாவது 33.33 சதவீதம். ஓவலில் ஜெயித்தால் 60-க்கு 28, 46.67-க்குப் போகும். தோற்றால் 26.67. டிரா ஆனால் 60-க்கு 20, அதே 33.33. அஞ்சு நாள் உழைத்து டிரா வாங்கினால் சதவீதம் ஒரு பைசா நகராது, தொடரும் கையைவிட்டுப் போகும். அதனால் தோற்காமல் இருக்க எப்படி ஆள் எடுப்பது என்ற பேச்சே இந்த டெஸ்டுக்குப் பொருந்தாது.

இனி விக்கெட். இந்தத் தொடரில் நாம் ஜெயித்த ஒரே டெஸ்ட் எட்ஜ்பாஸ்டன். அங்கே நாம் எடுத்த 20 விக்கெட்டில் ஆகாஷ் தீப் 10, சிராஜ் 7, பிரசித் 1, ஜடேஜா 1, சுந்தர் 1. வேகம் 18, சுழல் 2. பும்ரா இல்லாமலேயே ஜெயித்தோம் என்று பேசுபவர்கள் அந்தப் பத்தையும் ஏழையும் மறந்துவிடுகிறார்கள். அதோடு அங்கே கில் 269, 161 அடித்து 608 ரன் இலக்கு வைத்திருந்தார். அது ஒவ்வொரு டெஸ்டிலும் நடக்காது.

ஷர்துல் விஷயத்தில் குற்றம் அவருடையது மட்டும் இல்லை. லீட்ஸ் முதல் இன்னிங்ஸில் அவருக்குக் கிடைத்தது 6 ஓவர். மான்செஸ்டரில் இங்கிலாந்து 157 ஓவர் ஆடியது, அதில் அவருக்கு 11. கேப்டன் பந்தைக் கொடுக்கத் தயங்குகிற ஒருவரைப் பந்துவீச்சாளர் கணக்கில் வைத்தால் மற்றவர்கள் முதுகு ஒடியும். அவர் அடித்த 41 பயன்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் எதிரணி 669 அடித்த ஆட்டத்தில் நமக்குக் குறைந்தது ரன் இல்லை, ஒரு பந்துவீச்சாளர்.

90 ஓவர் கொண்ட ஒரு நாளைப் பிரித்துப் பாருங்கள். மூன்று முதன்மை வேகங்கள் ஆளுக்கு 17, 18 ஓவர், நாலாவது ஆள் 12 முதல் 14, மீதி 24 ஜடேஜாவுக்கும் சுந்தருக்கும். அந்த 14 ஓவரை நம்பிக் கொடுக்க ஆள் இல்லையென்றால் அது சிராஜ் தலையில் விழும். அவர் நாலு டெஸ்டும் ஆடி ஏற்கெனவே 130 ஓவரைத் தாண்டிவிட்டார்.

மூணாவது ஸ்லிப் | ஜூலை 28

கணக்கு சரி. ஆனா நாலாவது ஆள் யாருங்கிறதை ஓவல் பிட்ச்தான் முடிவு பண்ணும். "ஓவல்னா சுழல்"ங்கிறது பழைய பேச்சு. 1971-ல சந்திரசேகர் 6/38 எடுத்து நமக்கு இங்கிலாந்து மண்ணுல முதல் வெற்றியைக் கொடுத்த இடம், அதனால அந்த நினைப்பு போகாது. போன வருஷம் இலங்கை இங்கேதான் இங்கிலாந்தை 8 விக்கெட்ல தோற்கடிச்சது. சுழல் நாடுன்னு பேர் வாங்கினவங்க, பிரபாத் ஜயசூர்யாவை உட்கார வெச்சுட்டு நாலு வேகத்தோட இறங்கினாங்க. அப்புறம் நாலாவது இன்னிங்ஸ்ல 219 துரத்தி நிசங்க 127* அடிச்சார். இங்கே முதல் ரெண்டு நாள் பந்து நகரும், பவுன்ஸ் சீரா இருக்கும், வெயில் வந்தா நாலாவது நாள்கூட நல்லா பேட்டிங் பண்ணலாம்.

இந்தத் தொடர்ல, இங்கிலாந்துல பயன்படுத்துற டியூக்ஸ் பந்து முப்பது ஓவருக்கு மேல தாங்கல. சீக்கிரம் மெத்துனு ஆகுது, வடிவம் போகுது. லார்ட்ஸ்ல ரெண்டாவது புதுப்பந்தை எடுத்த பத்து ஓவர் சொச்சத்துல மாத்த வேண்டியதாச்சு, மாத்தி வந்த பந்து ஒண்ணும் பண்ணல. அப்போ விக்கெட் விழற நேரம் ரெண்டே ரெண்டுதான்: முதல் 30 ஓவர், 80-க்கு அப்புறம் ஒரு 15 ஓவர். அந்த நேரத்துல ரெண்டு முனையிலயும் நல்ல வேகம் ஓடணும். ஒரு முனையில பும்ரா அழுத்தம் கொடுக்கும்போது மறுமுனையில ஓவருக்கு 6 போனா எல்லாம் வீண்.

ஆகாஷ் தீப் கட்டாயம் வேணும், தொடை இடுக்கு சரியாயிருந்தா மட்டும். ஸ்டம்ப்பை நோக்கி ஃபுல்லா போட்டு, சீம்ல விழுந்து உள்ளே வர்ற பந்து அவரோடது. எட்ஜ்பாஸ்டன்ல ரூட்டை போல்ட் பண்ணினாரே, க்ரீஸ் ஓரத்துக்குப் போய்க் கோணத்துல உள்ளே கொண்டுவந்து கடைசில வெளியே எடுத்த பந்து, அது ஓவல்லயும் வேலை செய்யும்.

நாலாவது ஆளுக்கு பிரசித் அல்லது அர்ஷ்தீப். பிரசித் உயரம், ஓவல் பவுன்ஸுக்குப் பொருத்தம். ஆனா லீட்ஸ் முதல் இன்னிங்ஸ்ல 20 ஓவருக்கு 128. எட்ஜ்பாஸ்டன்ல பவுன்சர் திட்டம் போட்டு ஜேமி ஸ்மித்கிட்ட ஒரே ஓவர்ல 23 வாங்கினார். அவர் ஷார்ட்டா போடுறது தப்பில்ல, ஷார்ட்டா போட்டுட்டு அடுத்த பந்தை ஃபுல்லா போட முடியாம அரைகுறை லெங்த்ல விடுறதுதான் தப்பு. ரெண்டு மீட்டர் முன்னாடி தள்ளினா அதே ஆள் வேற பவுலர்.

அர்ஷ்தீப்பை எடுத்தா ஒரு கூடுதல் லாபம் இருக்கு. ஓவர் தி விக்கெட் போடுற இடக்கைப் பவுலரோட கால் தடம் வலக்கை பேட்ஸ்மேனுக்கு ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே விழும். சுந்தரோட ஆஃப் ஸ்பின் அங்கே விழுந்து உள்ளே திரும்பும். கிராலி, போப், ரூட், ப்ரூக், ஸ்மித் எல்லாரும் வலக்கை. ஆனா அர்ஷ்தீப்புக்கு பெக்கன்ஹாம் பயிற்சியில பந்து போடுற கையிலதான் வெட்டுக்காயம், அதுவும் இன்னும் ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர். தொடரைத் தீர்மானிக்கிற ஆட்டத்துல அறிமுகம் கொடுக்க தைரியம் வேணும். புதுமுக வேகம் கம்போஜை மான்செஸ்டர்ல அப்படி இறக்கித்தான் 18 ஓவரோட நின்னுபோச்சு.

சேப்பாக்கம் கேலரி | ஜூலை 29

மூணாவது ஸ்லிப் அண்ணே, இலங்கை கதை சொன்னீங்க, 2023 கதையைச் சொல்லாம விட்டுட்டீங்களே! இதே ஓவல், டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி. புல்லைப் பார்த்து அஸ்வினை உட்கார வெச்சு நாலு வேகம். டாஸ் ஜெயிச்சு பௌலிங் வேற. ஹெட் 163, ஸ்டீவ் ஸ்மித் 121, ஆஸ்திரேலியா 469. தோத்தது 209 ரன்ல. முதல் செஷன் பச்சையைப் பார்த்து அஞ்சு நாளுக்கு ஆள் எடுத்தா இப்படித்தான் ஆகும்.

குல்தீப்பைப் பத்தி பேசும்போது எல்லாரும் பேட்டிங்கை இழுக்கிறாங்க. ராஞ்சியில 2024-ல இதே இங்கிலாந்துக்கு எதிரா 131 பந்து நின்னு 28 அடிச்சு ஜூரெலோட 76 ரன் சேர்த்தவர் அவர். 13 டெஸ்ட்ல 56 விக்கெட். தரம்சாலாவுல 5/72. மெத்துனு ஆன பந்துல விரல் சுழல் போடுறவங்க ரன்னைக் கட்டுப்படுத்தலாம், ஆளைத் தூக்குறது கஷ்டம். இங்கிலாந்தோட விரல் சுழல் டாசன் மான்செஸ்டர் ரெண்டாவது இன்னிங்ஸ்ல 47 ஓவர் போட்டு ஒரு விக்கெட்கூட எடுக்கலையே, பார்த்தீங்கல்ல? மணிக்கட்டால சுத்துறவருக்கு பழைய பந்து, காய்ஞ்ச பிட்ச் எதுவும் பெருசா தேவையில்ல.

மூணாவது ஸ்லிப் | ஜூலை 29

2021-ஐயும் சொல்லணும் தம்பி. அப்பவும் அஸ்வின் வெளியே, அப்பவும் ஓவல், 157 ரன்ல ஜெயிச்சோம். அஸ்வின் இல்லாததால தோத்தோம்னு 2023-ஐ மட்டும் எடுத்தா 2021 இடிக்கும். குல்தீப் நல்ல பவுலர், அதுல சண்டையே இல்ல. ஜடேஜா, சுந்தர் ரெண்டு பேரையும் தூக்க முடியாதுங்கிறதுதான் சிக்கல். ரெண்டு பேரும் முந்தாநாள்தான் பிரியாம 203 சேர்த்தாங்க. மூணு சுழல், மூணு வேகம்னா ஏழு பேரோட பேட்டிங் நிறுத்தணும். லீட்ஸ்ல 430/3-ல இருந்து 471, அடுத்த இன்னிங்ஸ்ல 333/4-ல இருந்து 364. அந்தப் பயத்துலதான் கம்பீர் ஆல்ரவுண்டரா அடுக்குறார். பயம் நியாயம், மருந்துதான் தப்பு.

டீப் பாயின்ட் | ஜூலை 29

கீப்பர் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான். ஜூரெல்தான். லார்ட்ஸிலும் மான்செஸ்டரிலும் பந்த்துக்குப் பதிலாக அவர்தான் கிளவுஸ் போட்டார். மாற்று ஆட்டக்காரர் நடுவர் சம்மதத்தோடு கீப்பிங் செய்யலாம், ஆனால் பேட்டிங் செய்ய முடியாது. அதனால் கீப்பராகப் பந்துவீச்சாளர்களோடு பழகிவிட்டார், பேட்டிங்கில் மட்டும்தான் புதிதாக இறங்குகிறார். லார்ட்ஸ் இரண்டாம் இன்னிங்ஸில் பை ரன்கள் போனது உண்மை, அந்த டெஸ்டில் தோற்றதே 22 ரன்னில் என்பதும் உண்மை. இங்கிலாந்தில் பந்து ஸ்டம்ப்பைத் தாண்டிய பிறகும் ஆடும். இரண்டு டெஸ்ட் அதைப் பிடித்த ஆளை விட்டுவிட்டு, இப்போதுதான் அழைப்பு வந்தவரை நேராக இறக்குவது சரியில்லை. ஜெகதீசனின் 277-ஐ நினைத்து நமக்கெல்லாம் ஆசைதான், ஆனால் அது விஜய் ஹசாரேயில், வெள்ளைப் பந்தில்.

மூன்றாம் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. சாய் சுதர்சன் நாலு இன்னிங்ஸில் 0, 30, 61, 0. அதில் மூன்று முறை அவுட் ஆக்கியவர் ஸ்டோக்ஸ். லீட்ஸில் லெக் சைடில் போன பந்தில் கீப்பரிடம், பிறகு மிட்விக்கெட்டில், மான்செஸ்டரில் பவுன்சரைத் தூக்கி ஃபைன் லெக் பக்கம். எல்லாமே உடம்புக்கு வந்த கோடு. தலை ஆஃப் பக்கம் சாய்ந்தால் இடுப்புக்கு வரும் பந்தில் பேட் சுற்றிக்கொண்டுதான் வரும். அதைச் சரிசெய்ய மூன்று நாள் போதாது. பந்தை விட்டுவிடும் முடிவை முன்கூட்டியே எடுத்தால் பாதி தீரும். கருண் நாயர் எட்ஜ்பாஸ்டன், லார்ட்ஸ் இரண்டிலும் சேர்த்து நாலு இன்னிங்ஸில் மூன்று முறை கார்ஸிடம் அவுட். 20, 30 அடித்து செட் ஆன பிறகு போவதுதான் அவர் பிரச்சினை.

ஸ்கோர்நோட்டு | ஜூலை 29

பும்ரா பற்றி. அஞ்சு இன்னிங்ஸில் 119.4 ஓவர், 14 விக்கெட். மான்செஸ்டரில் 33 ஓவரில் 112 ரன். டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் 100-க்கு மேல் கொடுத்தது அதுவே முதல் தடவை. ஆனால் அவர் கடைசியாகப் பந்து போட்டது நாலாம் நாள் காலை வரைக்கும்தான். பிறகு நாம் 143 ஓவர் ஆடினோம். அவருக்கு நடுவில் நாலு முழு நாள் ஓய்வு. இங்கிலாந்து வீச்சாளர்களுக்கு மூன்றுதான், அதுவும் அந்த 143 ஓவரையும் போட்டுவிட்டு. ஓவலுக்குப் பிறகு ஆசியக் கோப்பை செப்டம்பர் 9-இல் இருந்து. ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. உடம்பில் வலி இருந்தால் வேறு விஷயம். இல்லையென்றால் தாளில் எழுதிய "மூன்று" என்ற எண்ணுக்காக உட்கார வைக்கக் கூடாது.

நாலு வேகம் ஆடினால் ஓவர்களை நேரத்துக்குள் முடிக்கும் வேகத்தையும் கவனிக்க வேண்டும். லார்ட்ஸில் மெதுவாக வீசியதற்கு இங்கிலாந்துக்கு 2 புள்ளி வெட்டினார்கள்.

நைட்வாட்ச்மேன் | ஜூலை 30

புதுச் செய்தி பார்த்தீங்களா? ஸ்டோக்ஸ் தோள் காயத்தால இல்ல, போப் கேப்டன். ஆர்ச்சர், கார்ஸ், டாசன் மூணு பேரும் வெளியே. அட்கின்சன், ஓவர்டன், டங், பெத்தல் உள்ளே. முழுநேர சுழல் பவுலரே கிடையாது.

மூணாவது ஸ்லிப் | ஜூலை 30

சொந்த ஊர் அணியே சுழலைக் கழட்டி விட்டுட்டாங்க. அட்கின்சன், ஓவர்டன் ரெண்டு பேருக்கும் ஓவலைச் சொந்த மைதானமா வெச்சிருக்கிற சர்ரே அணிதான், இந்த மைதானத்துல புல் எவ்வளவு பேசும்னு அவங்களைக் கேட்டுத்தான் எடுத்திருப்பாங்க. குல்தீப் கேஸ் இத்தோட மூடியாச்சு.

டீப் பாயின்ட் சொன்னதை வெச்சுப் பார்த்தா நமக்கு ரெண்டு நல்ல சேதி. சுதர்சனை மூணு தடவை தூக்கினவரும் இல்ல, கருணை மூணு தடவை தூக்கினவரும் இல்ல. ஸ்டோக்ஸ் பேட்டிங்கும் போனதால ஆறாம் இடத்துல பெத்தல், அதுக்கடுத்து ஸ்மித், அப்புறம் வால்தான், அதாவது பவுலர்கள். இந்தத் தொடர்ல அவங்க வால் நீளமாவது இதுவே முதல் தடவை. அஞ்சு விக்கெட் சீக்கிரம் விழுந்தா மீதியை 80 ரன்ல சுருட்டலாம்.

என் லெவன்: ஜெய்ஸ்வால், ராகுல், சுதர்சன், கில், ஜூரெல், ஜடேஜா, சுந்தர், ஆகாஷ் தீப், பும்ரா, சிராஜ், பிரசித். பும்ராவை உட்கார வெச்சா அந்த இடத்துக்கு கருண் வரட்டும், மத்த மூணு வேகமும் அப்படியே இருக்கட்டும். ஸ்லிப்ல ஜெய்ஸ்வாலை நிறுத்தாதீங்க, லீட்ஸ்ல நாலு கேட்ச் விட்டார். ராகுல் செகண்ட் ஸ்லிப், சுதர்சன் கல்லி.

சேப்பாக்கம் கேலரி | ஜூலை 30

குல்தீப் கேஸை நீங்க மூடுங்க, நான் மூடல. பிரசித் முதல் ஸ்பெல்ல ஓவருக்கு 6 கொடுத்தா இங்கேயே வந்து கேட்பேன். மத்தபடி சுதர்சன், சுந்தர்னு ரெண்டு சென்னைப் பசங்க லெவன்ல இருக்காங்க, அதுக்காகவாவது மூணரை மணிக்கே டிவி முன்னாடி உட்கார்ந்துடலாம்.