மறு: கிளேஸ்-க்கு தமிழ்ச்சொல் – 'மெருகுப்பாகு' சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

தெரியாக்கி சால்மன் செய்முறைய தமிழ்ல எழுதிட்டு வர்றப்ப கிளேஸ், அதாவது பண்டத்து மேல மினுமினுன்னு ஏத்தற படலம், அந்தச் சொல் வர்ற எடத்துல மாட்டிக்கிட்டதா அக்கா எழுதியிருந்தாங்க, சாஸ்னு போட்டா விஷயம் பாதிதான் வருது, பூச்சுனு போட்டா செவுத்துக்கு அடிக்கற மாதிரி இருக்குன்னு. நேத்து ராத்திரி வேலை முடிஞ்சு வந்து அதே மீனத்தான் செஞ்சேன், அடுப்புகிட்ட நின்னுகிட்டே இதைத்தான் யோசிச்சிட்டு இருந்தேன்.

மொதல்ல தெரியாக்கிங்கற ஜப்பானிய சொல்லையே பிரிச்சுப் பாத்துடலாம். தெரின்னா மினுமினுப்பு, யாக்கின்னா சுட்டது வாட்டினது. (நம்ம 'தெரி'யோட இதை முடிச்சுப் போட்டுடாதீங்க, அது வேற இது வேற. அதேமாதிரி தெரியாகின்னு ஒத்தைக் ககரம் போட்டு எழுதினா 'ஆகி'ன்னு வாசிச்சுடுவாங்க, தெரியாக்கின்னே எழுதுவோம்.) அங்க பதார்த்தத்துக்குப் பேரே அந்த மினுமினுப்ப வச்சுத்தான், மீனையோ சோயாவையோ வச்சு இல்ல. சமைக்கறவங்க தெரி வரணும்னு தனியா ஒரு பதமாவே அதைச் சொல்றாங்க. இங்கிலீஷ்ல கிளேஸ்ங்கறதும் கண்ணாடிங்கற சொல்லுல இருந்து பொறந்ததுதான். ரெண்டு பேருமே கண்ணுல பட்டத வச்சுத்தான் பேரு வச்சிருக்காங்க, நாமளும் அப்படித்தான் போகணும்.

இப்ப சட்டில என்ன நடக்குதுன்னு பாருங்க. ரெண்டு துண்டு மீனுக்கு சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது) 2, சாக்கே (ஜப்பானிய அரிசி மது) 2, சர்க்கரை 1, அவ்ளோதான். மீன ஈரம் போக ஒத்தி எடுத்து லேசா மாவு தூவி தோல் பக்கம் கீழ இருக்கற மாதிரி வச்சு 4, 5 நிமிஷம், திருப்பி ஒரு 2 நிமிஷம், அப்பறம் சட்டில எறங்கியிருக்கற கொழுப்ப பேப்பரால தொடச்சு எடுத்துடணும், இதை விட்டா சாஸ் மீன்ல ஒட்டாம வழுக்கிட்டே இருக்கும். இதுக்கு மேலதான் சாஸ ஊத்தறது. மொதல்ல சின்னச் சின்ன நுரையா வேகமா கொதிக்கும், தண்ணி வத்த வத்த குமிழ் பெருசாகி மெதுவா வெடிக்க ஆரம்பிக்கும், அந்த நேரத்துல கரண்டியால அள்ளி அள்ளி மீன் மேல ஊத்திட்டே இருந்தா ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மெல்லிசான படலம் ஏறும். தண்ணி இருக்கற வரைக்கும் சாஸோட சூடு 100 டிகிரியத் தாண்டி ரொம்ப போகாது, தண்ணி தீர்ந்துச்சுன்னா சரசரன்னு ஏறி சர்க்கரை கருகி கசந்துடும், அரை நிமிஷம் அசந்தா போச்சு.

அதனாலதான் சொல்றேன், இது பூச்சு இல்ல. பூச்சுன்னா ஏற்கனவே தயாரா இருக்கறத வெளியில இருந்து தடவறது, இது மீன் மேலயே வத்தி உருவாகுது. வெறும் பாகுன்னாலும் போதாது, ஏன்னா சோளமாவு கரைச்சு ஊத்தினாக்கூட கெட்டியாகும், கொஞ்சம் பளபளப்பும் வரும், ஆனா தெரியாக்கியோட மினுமினுப்பு மிரின்லயும் சர்க்கரைலயும் இருக்கற இனிப்பு வத்தறதால வர்றது. கெட்டித்தன்மை வேற, மெருகு வேற. நகைக்கு மெருகு போடறதும் ஒரே தடவைல வர்றது இல்ல, திரும்பத் திரும்ப செஞ்சு ஏத்தறதுதானே, இங்க கரண்டியால நாம செய்யறதும் அதே வேலைதான். ஆகவே என் பரிந்துரை மெருகுப்பாகு.

*

பதில்:

தம்பி, மெருகு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, பாகுதான் இடிக்குது. டோனட் மேல போடறதும் கிளேஸ்தானே, அதுல பல எடத்துல பொடிச்ச சர்க்கரைய பால்லயோ தண்ணிலயோ கலக்கி அப்படியே முக்கி காய விடறாங்க, அடுப்பே ஏத்தறது இல்ல, காய்ச்சாதத பாகுன்னு எப்படி சொல்றது? அப்பறம் மண்பாண்டத்துக்குப் போடற கிளேஸ் இருக்கு, அது சூளைல உருகி கண்ணாடி மாதிரி ஆகறது, அங்க பாகுக்கு வேலையே இல்ல. ஒரு சொல் செஞ்சா நாலு எடத்துக்கும் போகணும்.

*

பதில்:

அக்கா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, டோனட்ட நான் யோசிக்கவே இல்ல. அப்ப தலைச்சொல்ல மெருகுன்னு மட்டும் வச்சுக்கலாம். காய்ச்சி வத்த வைக்கறதுக்கு மெருகுப்பாகு, டோனட்டுக்கு சர்க்கரை மெருகு, பாண்டத்துக்கு சூளை மெருகு. இதுல ஒரு வசதி என்னன்னா வினைச்சொல்லும் கையோட வந்துடுது, மெருகேத்து, மெருகு ஏறிச்சு, மெருகு போச்சு. கிளேஸ் பண்ணுன்னு எழுத வேண்டிய தேவையே இல்ல.

இன்னொன்னும் சேக்கணும்னு தோணுது, மெருகுப்பதம். செய்முறைல 3 நிமிஷம் கொதிக்க விடவும்னு எழுதினா ஒவ்வொருத்தர் அடுப்புக்கும் சட்டிக்கும் அது மாறும், ஆனா கரண்டியால சட்டில ஒரு கோடு இழுத்தா சாஸ் ஒடனே மூடாம ஒரு நொடி நின்னு மூடணும், அதுதான் மெருகுப்பதம்னு எழுதிட்டா யாரு வேணா பாத்துக் கண்டுபிடிச்சுக்கலாம். பதார்த்தத்தோட பேரு தெரியாக்கின்னே இருக்கட்டும், அது அவங்க பேரு, அதை மொழிபெயர்க்க வேணாம்.

உங்க செய்முறைல அந்த வரி இப்ப இப்படி வரும்: "மெருகுப்பாகை மீன் மேல் அள்ளி ஊற்றிக்கொண்டே இருங்கள், மெருகுப்பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள், சட்டிச் சூட்டிலேயே மிச்ச மெருகும் ஏறிவிடும்." வாசிச்சுப் பாத்துட்டு எங்கயாவது நாக்கு தடுக்குதான்னு சொல்லுங்க.