கேஸ் (பெட்ரோல்) லீஃப் ப்ளோயர், அதாவது காத்தடிச்சு இலை தள்ளுற மெஷின்: எக்கோவா, ஸ்டில்லா, ஹஸ்க்வார்னாவா? ஓட்டினவங்க சொல்லுங்க

ஓக்நிழல் (வட கரோலினா)

கையில பிடிக்கிற ரகம் மூணையும் ஒரே யார்டுல ஓட்டிப் பார்த்தாச்சு. எக்கோ பிபி-2520: 25.4 சிசி, 453 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து), மணிக்கு 170 மைல். ஹஸ்க்வார்னா 125பி: 28 சிசி, 425 சிஎஃப்எம், அதே 170 மைல். ஸ்டில் பிஜி 50: 27.2 சிசி, மூணுலயும் எடை குறைச்சல், எட்டு பவுண்டுக்கு உள்ள. காய்ஞ்ச இலைன்னா மூணும் ஒண்ணுதான்.

ராத்திரி மழை பெஞ்சு விட்டதும் கதை மாறிடுச்சு. டிரைவ்வே சிமென்ட்ல ஓக் இலை தோசைக்கல்லுல பிடிச்ச மாவு மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஃபுல் த்ராட்டில்ல மேலேர்ந்து அடிச்சா இன்னும் அழுந்துது. முனையைத் தரைக்கு ரெண்டு மூணு அங்குலத்துல படுக்க வெச்சு, தோசையைத் திருப்புற மாதிரி ஓரத்தைக் கிளப்பினாத்தான் நகருது. அதுக்கும் தட்டை நாசில் (குழாய் முனை) வேணும். வட்டக் குழாயோட மூணுல ஒண்ணு சுத்தமா தோத்துடுச்சு. தட்டை மாட்டினதும் அதுவே ஜெயிச்சுது, அதனால பேர் சொல்லல.

பெட்டில 170, 170ன்னு ஒரே எண்ணைப் போட்டுட்டு ஏன் இவ்வளவு வித்தியாசம்? அரை ஏக்கர், ஏழு ஓக் மரத்துக்கு, முதுகுல மாட்டுற பேக்பேக்னா எது?

தள்ளுவிசை

அந்த 170 குழாய்க்குள்ள காத்து எட்டுற உச்ச வேகம். குழாய்ச் சுவரோரமா வர்ற காத்து அவ்வளவு வேகமா வராது. கணக்குப் போட்டாலே பிடிபடும். 453 சிஎஃப்எம்னா விநாடிக்கு 0.214 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காத்து சுமார் 1.2 கிலோ, ஆக விநாடிக்கு 0.257 கிலோ. 170 மைல்னா விநாடிக்கு 76 மீட்டர். பெருக்கினா 19.5 நியூட்டன் தள்ளுவிசை வரணும். அந்த மெஷினுக்கு எக்கோவே போட்டிருக்கிறது 15.8. ஸ்டில் பிஆர் 600 பேக்பேக்குக்கு 677 சிஎஃப்எம், 238 மைல், பெருக்கினா 40.8. கம்பெனி சொல்றது 32. மீதி எங்கயும் காணாமப் போகல, உச்ச வேகத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி அது.

அதனால சிஎஃப்எம், மைல் ரெண்டையும் தள்ளி வெச்சுட்டு நியூட்டனைப் பாருங்க. அன்சி பி175.2ங்கிற அமெரிக்கத் தர முறைல அளந்து போடுறது, எந்த பிராண்டுக்கும் ஒரே தராசு. பிஆர் 600 32, பிஆர் 800 41, எக்கோ பிபி-9010 48. ஏழு ஓக் மரத்துக்கு 32 தாராளம். நாப்பதுக்கு மேல போனா முதுகுல 26 பவுண்டு ஏறும், பூச்செடிக்குப் போட்ட மரத்தூளும் இலையோட சேர்ந்து பறக்கும்.

கரிப்பிடிச்ச ஜல்லடை

பிராண்ட் ஒப்பிடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க. மெஷின் முதல் இழுப்புலயே ஸ்டார்ட் ஆகுது. ஐடில்ல (ட்ரிகரை அழுத்தாம சும்மா ஓடுறப்ப) அழகா நிக்குது. ட்ரிகரை அழுத்தினா "ப்ர்ர்ர்"ருன்னு திணறி அடங்கிடுது. சர்வீஸ் கடைல கார்புரேட்டர் போச்சு, மாத்தணும்னு எழுதிக் குடுத்தாங்க. விலையைக் கேட்டா அந்தக் காசுக்கு அரை மெஷின் வாங்கிடலாம்.

மஃப்ளர் (சைலன்ஸர்) மூடியைக் கழட்டினா உள்ள தபால்தலை சைஸ்ல ஒரு கம்பி வலை. ஸ்பார்க் அரெஸ்டர், தீப்பொறி வெளிய போகாம தடுக்கிறது. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரல, தார் பூசின மாதிரி அடைச்சிருந்தது. புகை வெளிய போக வழியில்லைன்னா புதுக்காத்து எப்படி உள்ள வரும்? குறடால பிடிச்சு ப்ரொபேன் டார்ச்ல செக்கச்செவேல்னு ஆகுற வரைக்கும் காட்டி, ஆறினதும் தட்டினா கரி உதிர்ந்துடும். திரும்ப மாட்டினதும் ட்ரிகருக்குக் கத்துச்சு. செலவு பூஜ்யம்.

வலையைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓட்டுறவங்களும் இருக்காங்க. காய்ஞ்ச புல்லுக்கு நடுவுல ஓட்டுற மெஷின், வேணாம். காட்டுத்தீ பயம் உள்ள மாநிலங்கள்ல வலை இல்லாம ஓட்டுறது சட்டப்படியும் தப்பு.

ஐம்பதுக்கு ஒண்ணு

கரிப்பிடிச்ச ஜல்லடை சாருக்கு: வலையைச் சுட்டது சரி, அது ஏன் அடைச்சுதுன்னு சொல்லலையே. பெட்ரோல்ல கலக்கிற மலிவு ஆயில், கை அளவுல கூடுதலா ஊத்தின ஆயில், பேசிக்கிட்டே பத்து நிமிஷம் ஐடில்ல விட்டு வைக்கிறது, இந்த மூணுதான். இன்னொரு ஆபத்தும் இருக்கு. வலை அடைச்சிருக்கும்போது திணறல் கேட்டு, கார்புரேட்டர்ல ஃபுல் வேகத்துக்குப் பெட்ரோல் அளவைத் திருத்துற எச் ஸ்க்ரூவைத் திருகி பெட்ரோலைக் குறைச்சுடுவாங்க. அப்புறம் யாராவது வலையைச் சுத்தம் பண்ணுவாங்க. இப்ப காத்து தாராளம், பெட்ரோலும் ஆயிலும் பஞ்சம். பிஸ்டன் கோடு விழுந்து பிடிச்சுக்கும். வலையைப் பார்க்காம ஸ்க்ரூல கை வைக்காதீங்க.

நான் சொல்ல வந்தது ஒரு வரிதான்: டேங்க்குக்குள்ள போற ஃப்யூயல் லைனைத் தொட்டேன், காய்ஞ்ச முருங்கைக் குச்சி மாதிரி பொடுக்குன்னு கைல வந்துடுச்சு. ஃபில்டர் டேங்க் அடில கிடந்து உருண்டுது. எந்த பிராண்டா இருந்தாலும் ரப்பர் ரப்பர்தான்.

காரணம் எத்தனால். பங்க்ல வர்றது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது, அதுக்கு மேல கலந்ததை இந்த எஞ்சின்களுக்கு ஊத்தவே கூடாது. ஆக்டேன் 89 போடுங்க. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பிரிஞ்சு அடில தங்கும், ஆயில் மேல பெட்ரோலோட நின்னுடும். ஃபில்டர் எங்க இருக்கு? அடில. ஆக எஞ்சினுக்குப் போறது ஆயில் இல்லாத தண்ணிக் கலவை.

கலக்கிற முறை (ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், 50:1): ஒரு அமெரிக்க கேலனுக்கு ஆயில் 2.6 அவுன்ஸ், அதாவது 76 மில்லி. லிட்டர்ல கலக்கிறவங்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி. கேன்ல முதல்ல பாதி பெட்ரோல், அப்புறம் ஆயில் முழுசும், நல்லா குலுக்கி, மிச்ச பெட்ரோல், மறுபடி குலுக்கல். மெஷின் டேங்க்லயே கலக்காதீங்க. ஒரு மாசத்துக்கு மேல வெச்சதை ஊத்தாதீங்க, பெட்ரோல் கெடாம வைக்கிற ஸ்டெபிலைசர் போட்டிருந்தா கொஞ்சம் தாங்கும். சீசன் முடிஞ்சா டேங்க்கைக் காலி பண்ணி, தானா அணையுற வரைக்கும் ஓட்டி, ப்ரைமர் பல்பை (ஸ்டார்ட்டுக்கு முன்னாடி பெட்ரோல் இழுக்க அமுக்குற ரப்பர் குமிழை) அமுக்கி மிச்சத்தையும் வெளிய தள்ளிட்டு வைங்க. வருஷத்துக்கு ஒரு கேலன்கூட ஆகாதவங்க எத்தனால் இல்லாத டின் ஃப்யூயலை வாங்கிடுங்க. விலை அதிகம்தான், கார்புரேட்டர் அதைவிட அதிகம்.

லைன் மாத்தறப்ப முனையைச் சாய்வா வெட்டி, துளைல நுழைச்சு, உள்ளேர்ந்து இடுக்கியால இழுங்க. ஃபில்டர் லைன் கார்புரேட்டருக்கு நேரா போகணும். ப்ரைமர் பல்புல நீளமான காம்பு டேங்க்குக்குத் திரும்புறது, குட்டைக் காம்பு கார்புரேட்டர்லேர்ந்து வர்றது. மாத்தி மாட்டினா எத்தனை தடவை அமுக்கினாலும் பல்பு நிறையாது.

ஓக்நிழல் (வட கரோலினா)

தகவலுக்கு நன்றி ஐயா. நான் கேட்டது எந்த பிராண்ட்னு.

ஸ்காபரோ மேப்பிள்

தம்பி ஐம்பதுக்கு ஒண்டு, நீர் எழுதினதில ஒண்டு விடுபட்டுப் போச்சு. மெஷின் பத்து நிமிசம் நல்லா ஓடும், பிறகு மெல்ல மெல்லச் சாகும். கொஞ்சம் ஆற விட்டால் திரும்ப ஓடும். எல்லாரும் ப்ளக்குக்குப் பொறி குடுக்கிற கொயில் சூடாகுது எண்டுதான் கதைப்பினம். டேங்க் மூடியைத் தளர்த்திப் பாக்கேக்க "ஸ்ஸ்" எண்டு காத்து உள்ளுக்கு இழுத்தது. அவ்வளவுதான் வருத்தம். டேங்குக்குக் காத்து விடுற வென்ட் அடைச்சிட்டுது, எரிபொருள் குறையக் குறைய உள்ளுக்கு வெற்றிடம் ஆகி கார்புரேட்டருக்கு ஒண்டும் வரேல்லை. வென்ட் சின்னச் சாமான், விலையும் மலிவு. அதுக்குப் பதிலாக் கொயிலை வாங்கி மாத்தினவையும் இருக்கினம்.

நாலு ஸ்ட்ரோக் குழப்பம்

பிஆர் 600 பத்திச் சொன்னவர் முக்கியமானதை விட்டுட்டார். அது 64.8 சிசி 4-மிக்ஸ் எஞ்சின். நாலு ஸ்ட்ரோக், வால்வு உண்டு, ஆனா தனியா ஆயில் சம்ப் (ஆயில் தேங்குற தொட்டி) கிடையாது. பெட்ரோல்ல கலந்த ஆயில்தான் வால்வு வரைக்கும் போய் நனைக்குது. பேர்ல "4" இருக்கேன்னு ஒருத்தர் வெறும் பெட்ரோலை ஊத்தி ஓட்டிட்டார். பத்து நிமிஷத்துல நின்னுபோச்சு. கயிறு கல்லுல கட்டின மாதிரி அசையவே இல்ல. மூடி மேலயே 50:1னு எழுதியிருக்கு, யார் படிக்கிறாங்க?

இன்னொண்ணு, வால்வு இடைவெளி. 0.10 மில்லிமீட்டர், உள்வால்வு, வெளிவால்வு ரெண்டுக்கும். சுமார் 140 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை பார்க்கணும். கயிறு இழுக்கையில கனம் குறைஞ்சு லொடலொடன்னு வந்தா அதுக்கு முன்னாடியே பார்க்கணும். எஞ்சின் குளிர்ந்திருக்கணும், ரெண்டு வால்வும் மூடின நிலைல பிஸ்டன் உச்சில இருக்கணும், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகடு லேசான உரசலோட போகணும். வீட்டு உபயோகத்துல வருஷம் 15 மணி நேரம் ஓட்டுறவருக்கு இது ஒன்பது வருஷத்துக்கு ஒரு வேலை. இதுக்காக ஸ்டில் வேணாம்னு ஓடுறது வேடிக்கை.

ப்ளக்கும் மாத்திப் போட்டுடாதீங்க. எக்கோ 2520க்கு என்ஜிகே பிபிஎம்ஆர்8ஒய், இடைவெளி 0.65. 4-மிக்ஸுக்கு சிஎம்ஆர்6எச், 0.5. உருவமே வேற.

பழுப்பிலை

ரெட்மேக்ஸ் பத்தி யாரும் வாயே திறக்கலையே? ஈபிஇசட்8500ம் ஹஸ்க்வார்னா 580பிடிஎஸ்ஸும் பக்கத்துல வெச்சா ரெண்டும் 75.6 சிசி, 908 சிஎஃப்எம், 206 மைல். ஆரஞ்சு பெயின்ட், சிவப்பு பெயின்ட், அவ்வளவுதான். ரெட்மேக்ஸ் பேர்ல விக்கிற ஜப்பான் ஜெனோவாவை ஹஸ்க்வார்னா 2007லயே வாங்கிடுச்சு. எக்கோ, ஷிண்டாய்வா ரெண்டும் 2008லேர்ந்து யமபிகோங்கிற ஒரே கூரைக்கு அடியில. நீங்க ஒப்பிடுறது பாதி இடத்துல ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகளை.

அதனால கடையை ஒப்பிடுங்க. எக்கோ ஹோம் டிப்போல கிடைக்குது, ஹஸ்க்வார்னா லோஸ்ல. ஸ்டில்லுக்கு டீலரோ ஏஸ் ஹார்டுவேரோதான். பெரிய கடைல வித்தவனுக்கு டயாஃப்ரம் (கார்புரேட்டருக்குள்ள இருக்கிற மெல்லிய சவ்வு) எதுன்னே தெரியாது. டீலர்கிட்ட அதை மாத்துற கிட் அலமாரில இருக்கும். கார்புரேட்டர் டயாஃப்ரம் பொரிக்காத அப்பளம் மாதிரி விறைச்சுப் போற அன்னிக்குத்தான் அந்த வித்தியாசம் உறைக்கும்.

மெல்லிய காற்று

இவ்வளவு பாடு எதுக்கு? கலிஃபோர்னியால 2021ல சட்டம் போட்டு, 2024லேர்ந்து தயாரிக்கிற கேஸ் ப்ளோயரை விக்கவே கூடாதுன்னு ஆக்கியாச்சு. வாஷிங்டன் டிசில 2022லேர்ந்து ஓட்டவே கூடாது. கம்பெனிக்காரங்க ஓட்டுற கேஸ் ப்ளோயர் ஒரு மணி நேரத்துல விடுற, புகைமூட்டம் உண்டாக்குற மாசு, 2017 டொயோட்டா கேம்ரி காரை 1,100 மைல் ஓட்டினதுக்குச் சமம்னு கலிஃபோர்னியா காற்று வள வாரியமே சொல்லுது. பேட்டரி வாங்கிட்டுப் போங்க.

தள்ளுவிசை

ஈரமான ஓக் இலைய அரை ஏக்கருக்குத் தள்ள எத்தனை பேட்டரின்னும் சொல்லிட்டுப் போங்க மெல்லிய காற்று. ஃபுல் த்ராட்டில்ல பெரிய பேட்டரியே அரை மணி நேரம் தாண்டுறது கஷ்டம். கால் ஏக்கருக்கு நீங்க சொல்றது சரி, சண்டை இல்ல.

ஓக்நிழல்: வீட்டிலேர்ந்து பத்து மைலுக்குள்ள ஸ்டில் டீலர் இருந்தா பிஆர் 600. இல்லைன்னா பாகம் எங்கயும் கிடைக்கிற எக்கோ பேக்பேக், 58.2 சிசி பிபி-580 போதும்.

கரிப்பிடிச்ச ஜல்லடை

எதை வாங்கினாலும் அதோட ஒரு டி27 டார்க்ஸ் பிட் (நட்சத்திர வடிவ ஸ்க்ரூ முனை) வாங்கிடுங்க. மஃப்ளர் மூடி ஸ்க்ரூ பல மாடல்ல அந்த சைஸ். டி25 உள்ள போகும், பிடிக்கிற மாதிரியும் இருக்கும். சூட்டுல இறுகின ஸ்க்ரூவுக்குப் பலம் குடுத்ததும் தலை வழுவழுன்னு ஆயிடும். அப்புறம் ட்ரில் போட்டுத்தான் எடுக்கணும்.