டென்பீஸ் ஹில்சைட்ல பாத்த நீலப் பட்டாம்பூச்சி என்ன வகை?

மொட்டமாடி: மக்களே, நேத்து பசங்களோட இங்கிலாந்துல டோர்கிங் பக்கம் டென்பீஸ் ஹில்சைட் போனோம். பூரா சுண்ணாம்புச் சரிவு, ஷூவுக்கு வெள்ளையடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஆகஸ்ட்ல பூவெல்லாம் முடிஞ்சிருக்கும்னு நெனச்சா தரையோட தரையா அவ்ளோ பூ, அதுக்கு நடுவுல கண்ணு கூசுற நீலத்துல ஒரு பட்டாம்பூச்சி. நான் காமன் ப்ளூன்னேன், பொண்ணு இல்லவே இல்லைங்கறா. ஒரே ஒரு போட்டோதான் தேறுச்சு, அதுவும் நாய்க் கக்கா மேல உக்காந்திருக்கு 😅

வெயில்காயி: கக்கான்னு சிரிக்காதீங்க, அதுல உப்பு உறிஞ்சத்தான் ஆண் பூச்சி வரும். போட்டோவ ஜூம் பண்ணி றெக்கையோட வெள்ளை ஓரத்தப் பாருங்க. ஓரத்த கருப்புக் கோடு குறுக்க வெட்டிட்டுப் போனா அடோனிஸ் ப்ளூ, வெள்ளை வெட்டே இல்லாம ஓடுனா காமன் ப்ளூ. சாக்ஹில் ப்ளூவுக்கும் ஓரம் வெட்டுப்பட்டுதான் இருக்கும், ஆனா அது பால் கலந்த மாதிரி வெளிர் நீலம். அடோனிஸ் மே-ஜூன்ல ஒரு தடவ, ஆகஸ்ட்-செப்டம்பர்ல ஒரு தடவ வரும். புழு ஹார்ஸ்ஷூ வெட்ச்ங்கற செடிய மட்டும்தான் திங்கும், எறும்பு அதுக்குக் காவல், கூலியா புழு இனிப்புத் தண்ணி விடும். புல் கட்டையா இருந்தாதான் தரை சூடாகும், 1950கள்ல மிக்சோமாடோசிஸ்ங்கற முயல் நோய் வந்து முயலெல்லாம் கொத்துக்கொத்தா செத்ததும் புல் மண்டிப்போய் பல எடத்துல இந்தப் பூச்சியே இல்லாமப் போச்சு. அதான் இப்ப ஆடு மாடு விட்டு மேய்க்கிறாங்க.

யாழ்ப்பெடியன்: அண்ணை, நான் லண்டன் குரொய்டன். எங்களுக்கு ஃபார்திங் டவுன்ஸ் எண்ட புல்வெளிதான் கிட்ட, அங்க கிரேட்டர் யெல்லோ ராட்டில் எண்டு ஒரு மஞ்சள் பூ இருக்கு, காய் காஞ்சாப் பிறகு ஆட்டிப் பாருங்கோ, ஊரில கிலுகிலுப்பைக் காய் மாதிரியே சத்தம் கேக்கும். புல்லின்ர வேரில ஒட்டி உறிஞ்சுற செடி, அதால புல்லு அடங்கி மற்றப் பூவுக்கு இடம் கிடைக்குது. பிடுங்கிப் போடாதேங்கோ.

மொட்டமாடி: ஜூம் பண்ணிட்டேன், கருப்புக் கோடு இருக்கு, நீலமும் பளிச்சுனு இருக்கு! அடோனிஸேதான். பொண்ணுகிட்ட பத்து பவுண்டு தோத்தாச்சு. தேனீ மாதிரி இருக்குமே அந்த பீ ஆர்கிட் பூ, அது இப்ப கெடைக்குமா?

வெயில்காயி: அது ஜூலையிலயே முடிஞ்சிருக்கும், அடுத்த வருஷம்தான். இப்ப போனா ஆட்டம் லேடிஸ் ட்ரெஸ்ஸஸ்ங்கற ஆர்கிட் பூவத் தேடுங்க, விரல் உயரத்துல வெள்ளைப் பூ முறுக்கிக்கிட்டு ஏறும். மண்டி போட்டாதான் தெரியும், பழைய பேன்ட்டா போட்டுட்டுப் போங்க.