அன்று நடந்த சண்டை எனக்காக

"குழாயடிச் சண்டை" என்று யாராவது ஏளனமாகச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நான் வளர்ந்தது சென்னை சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் கரையோரக் குடிசையில். அங்கே சண்டை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சண்டையைப் பற்றி மட்டும் சொல்லியே ஆகவேண்டும்.

2019 ஜூன் மாதம். செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் என்று நான்கு ஏரியும் வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வர ஆரம்பித்ததே ஜூலை 12-ம் தேதிதான். எங்கள் சந்துக்கு லாரியை விட்டால் கதியில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை, பெரும்பாலும் நடுராத்திரியில் வரும். சாயங்காலமே குடங்களை வரிசையில் வைத்துவிடுவோம். எல்லாம் ஒரே மாதிரி பிளாஸ்டிக் குடம் என்பதால் ஆளுக்கொரு அடையாளம். சிலர் கழுத்தில் சேலைக் கிழிசலைக் கட்டியிருப்பார்கள். எங்களுடையதில் அம்மா சிவப்பு நெயில் பாலிஷால் மூன்று புள்ளி வைத்திருந்தார். வீட்டுக்கு ஆறு குடம். ஒன்றில் 15 லிட்டர் பிடிக்கும். நான்கு பேர் அதில் இரண்டு நாள் ஓட்டவேண்டும்.

அன்றைக்கு அம்மாவும் தம்பிகளும் ஒரு சாவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். நான் தி.நகர் துணிக்கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு, ராத்திரி பத்தரைக்கு வந்து குடங்களை வைத்தேன். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது விடிந்திருந்தது. பதறிப்போய் கதவைத் திறந்தால், வாசலில் ஆறு குடமும் நிரம்பி நிற்கிறது. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு தட்டு.

எதிர்வீட்டு அக்காதான் நடந்ததைச் சொன்னார். லாரிக்கிட்டே ஆள் இல்லையென்றால் குடத்தை ஒதுக்கிவிடுவது எங்கள் சந்து வழக்கம். மூலைவீட்டு ஆயா அதற்கு விடவில்லையாம். ஹோஸைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரோடும் மல்லுக்கு நின்றாராம். அப்புறம் பையன்களை அதட்டி எங்கள் வாசலுக்குத் தூக்கிவரச் செய்திருக்கிறார். அதற்குள் லாரி காலி. அவருடைய மூன்று குடத்தில் ஒன்று நிரம்பவே இல்லை.

"ஏன் ஆயா, என்னை எழுப்பியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நாள் முச்சூடும் நிக்கிற பொண்ணு. எழுப்ப மனசு வரல. ஒண்டிக்கட்டைக்கு ரெண்டு குடம் போதும், போ."

இப்போது எல்லோரும் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில். ஆயாவுக்கு ஒரு பிளாக், எங்களுக்கு வேறு பிளாக். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். திறந்தால் குழாயில் தண்ணீர் வருகிறது. ஆனாலும் அடுப்படி ஓரமாக இரண்டு குடம் நிரப்பி, தட்டு போட்டு மூடி வைத்திருந்தார்.