‘குஸ்லே வேண்டும்’: கேலி யாரைக் குத்தியது?

கடலோடி:
பாடகர் ராம்போ அமதேயுஸ் 1989இல் வெளியிட்ட ‘ஹோச்செமோ குஸ்லே’ (‘குஸ்லே வேண்டும்’) ஆல்பத்தை அரசியல் நையாண்டியின் உச்சம் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சினிமா முரடனின் பெயரையும் மொஸார்ட்டின் நடுப்பெயரையும் ஒட்டவைத்து, ‘உலக மெகா ஜார்’ என்று பட்டமும் சூட்டிக்கொண்ட மாண்டினீக்ரோக்காரர் அவர். நாட்டுப்புற மெட்டையும் ராக்கையும் குழைத்து, அதற்கு ‘டர்போ ஃபோக்’ என்று விளையாட்டாகப் பெயர் வைத்தார். தொண்ணூறுகளில், மிலோஷெவிச் ஆண்ட செர்பியாவின் தொலைக்காட்சிகளை நிறைத்த பளபளப்பு இசைக்கு அதே பெயர் நிலைத்துவிட்டது. கேலிப் பெயரே கடைச்சரக்கின் முத்திரை ஆனது.

நரம்பிசை:
நண்பரே, பெயரைத் திருடியவன் செய்த பாவத்தைப் பெயர் வைத்தவர் தலையில் ஏற்றுகிறீர்கள். தலைப்பையாவது கவனித்தீர்களா? 1989இல் மாண்டினீக்ரோவின் தலைநகர் டிட்டோகிராடில், அதாவது இன்றைய பொட்கோரிட்சாவில், அங்கிருந்த கம்யூனிஸ்ட் தலைமையை எதிர்த்துத் திரண்ட கூட்டம் ‘ஹோச்செமோ ரூசே’ என்று முழங்கியதாகப் பேச்சு எழுந்தது. ‘எங்களுக்கு ரஷ்யர்கள் வேண்டும்’ என்று பொருள். சங்கடமாகிப் போகவே, ‘ரூசே அல்ல, குஸ்லே என்றார்கள்’ என விளக்கம் வந்தது. குஸ்லே என்பது குதிரைமயிர் நரம்பை வில்லால் இழுத்து வீரகாவியம் பாடும் வாத்தியம். அரசியல் கோரிக்கையோடு தெருவுக்கு வந்தவர்கள் பிடில் கேட்டார்களாம்! அந்தச் சப்பைக்கட்டைத்தான் அவர் அப்படியே ஆல்பத்தின் நெற்றியில் ஒட்டினார்.

கடலோடி:
தலைப்பு அபாரம், மறுக்கவில்லை. ஆனால் பாட்டுக்குள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? மலையோரத்தில் குஸ்லே மீட்டும் கிழவரையா, அவர் பெயரைச் சொல்லி மேடையேறிய கட்சிக்காரரையா? செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் படித்த இளைஞர்களுக்குக் கிழவரே போதும்.

நரம்பிசை:
அவர் கட்சிக்காரர்களோடு குலாவியவர் இல்லை. யுகோஸ்லாவியா உடைந்து போர் மூண்டிருந்த 1992இல் பெல்கிரேடில் ஓர் இசைவிழா, தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. நடுவில் ஒலிவாங்கியைப் பிடித்து, நாம் இங்கே பாடும் நேரத்தில் துப்ரோவ்னிக்கிலும் துஸ்லாவிலும் குண்டு விழுகிறது, வாக்காளர்களுக்கு வேடிக்கை காட்ட மாட்டோம் என்று கொட்டித் தீர்த்தார்.

கடலோடி:
அந்தத் துணிச்சலுக்கு என் வணக்கம். ஆனால் அன்று அவர் நையாண்டியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பேசினார். கேலி அந்த இடத்தில் போதவில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். பிறகு 2012இல் அஜர்பைஜான் தலைநகர் பாக்குவில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு மரக்கழுதையோடு போனார், அரையிறுதியைத் தாண்டவில்லை.

நரம்பிசை:
ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராமலே யூரோவைப் புழங்கும் நாடு, யூரோ நெருக்கடியைப் பற்றிப் பாட ஆள் அனுப்புகிறது. கழுதையை விடப் பொருத்தமான துணை ஏது? தோற்றதால் நகைச்சுவை குறைந்துவிடவில்லை.

மூன்றாம் வரிசை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ‘ரூசே’, ‘குஸ்லே’ இரண்டையும் வாய்விட்டுக் கத்திப் பார்த்தேன். இரைச்சலில் முதல் எழுத்து கரையும், ஒப்புக்கொள்கிறேன். அந்த ‘ல்’ எங்கிருந்து முளைத்தது?